தாமரை இலையும் அழுக்குத் துணியும்

செராமிக், கிராஃபீன், பி.பி.எஃப்... புதுக் கார் வாங்குகிறவரிடம் விற்கப்படும் இந்தப் பூச்சுகள் கொடுத்த காசுக்கு உழைக்குமா?

புதுக் கார் டெலிவரி எடுக்கிற நாளில் எப்பேர்ப்பட்ட கறார் ஆசாமியும் கொஞ்சம் இளகித்தான் போகிறார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பானெட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டாயிற்று. அம்மா சூடம் சுற்றிக்கொண்டிருக்கிறார். பின் சீட்டு பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கலாமா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குள் சண்டை. அந்த நேரம் பார்த்துத்தான் ஷோரூம் தம்பி வழவழப்பான ஓர் அட்டையை நீட்டுவார்.

"செராமிக் கோட்டிங் சார். வெயில், மழை, காக்கா எச்சம், கீறல் எதுவும் அண்டாது. அஞ்சு வருஷம் வாரன்டி. இருபத்தஞ்சாயிரம்தான். லோன்லயே சேர்த்துப் போட்டுடலாம், மாசம் ஐந்நூறு ரூபா கூட வரும், அவ்வளவுதான்."

எட்டு லட்ச ரூபாய்க் காருக்கு முன்னால் ஐந்நூறு ஒரு தொகையா? தலை தானாக ஆடிவிடும். 9 சதவீத வட்டியில் 5 வருடத் தவணை என்றால், அந்த இருபத்தைந்தாயிரம் கட்டி முடிக்கும்போது 31,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். சூடம் அணைவதற்குள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர் யார்?

எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தபோது நானும் தலையாட்டியவன்தான். அப்போது அதற்குப் பெயர் 'டெஃப்லான் கோட்டிங்'. முதல் மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடியது. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் உருளவில்லை. பூச்சு எப்போது போனது என்று யோசித்தேன். கொஞ்ச நாள் கழித்து, அது முதலில் வந்ததா என்றே யோசிக்க ஆரம்பித்தேன்.

இன்று பெயர்கள் மாறிவிட்டன. பொருளும் உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறது. ஆனால் விற்கும்போது சொல்லப்படுவதற்கும் பூச்சு உண்மையில் செய்வதற்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் காரின் தோலைப் பார்க்க வேண்டும்.

இரண்டு முடி தடிமன்

ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஒரு கார் ஆலையில் பெயின்ட் வேலை எப்படி நடக்கிறது? வெறும் இரும்புக் கூடாக வரும் பாடியைக் கழுவி, பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். அடுத்து மின்சாரம் பாயும் இன்னொரு தொட்டி. அங்கே இண்டு இடுக்கெல்லாம் ஒரு பூச்சு படிகிறது. துருவைத் தடுப்பது பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பூச்சுதான். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். நடுநடுவே சூளையில் வேகவைக்கிறார்கள். மேல்பூச்சு சுமார் 140 டிகிரி வெப்பத்தில் இறுகுகிறது.

இத்தனையும் சேர்ந்து 100 முதல் 140 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அதாவது, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரின் மொத்த பெயின்டும் இரண்டு முடி தடிமன். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் நிறத்தைக் காப்பது அதுதான். பழைய கார்களின் கூரையில் தோல் உரிந்ததுபோல வெள்ளைத் திட்டுகள் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் செத்துப்போனதன் அடையாளம் அது. அந்த நிலைக்குப் போன காரை எந்தப் பூச்சாலும் மீட்க முடியாது. மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

இங்கே ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பாலீஷ் என்பது எதையும் சேர்ப்பதில்லை, சுரண்டி எடுக்கிறது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றுப்புறத்தைச் சீவிச் சமப்படுத்துவதுதான் அந்த வேலை. நல்ல கை செய்தாலே ஒவ்வொரு முறையும் 2 முதல் 5 மைக்ரான் போகும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை 'ரப்பிங் பாலீஷ்' போட்டுப் பளபளவென்று மாலை போடுகிறவர், வருடா வருடம் தன் காரின் ஆயுளில் கொஞ்சத்தையும் சேர்த்துத்தான் துடைத்துப் போடுகிறார்.

கீறல் போடுவது யார்?

மாலை வெயிலில் ஒரு கறுப்புக் காரின் அருகே நின்று பாருங்கள். சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் ஆயிரம் மெல்லிய வட்டக் கோடுகள். எதிரே வந்த லாரியோ ஆட்டோவோ போட்டதல்ல அது. துடைத்த துணி போட்டது.

சென்னை அடுக்ககங்களில் காலை ஐந்தரை மணிக்கு நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வாளி தண்ணீர், பழைய பனியன் துணி ஒன்று, வரிசையாகப் பத்துக் கார். முதல் காரின் மண் வாளிக்குள் போகிறது. வாளியின் மண் துணியோடு இரண்டாவது காருக்கு ஏறுகிறது. பத்தாவது காருக்குப் போகும்போது கையில் இருப்பது துணியா, உப்புத்தாளா என்று கேட்க வேண்டும். தெருத் தூசியில் பெரும்பகுதி மணல். மணல் என்பது குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறக்கூடியது. கொஞ்ச காலமாக மெட்ரோ வேலை நடக்கிற சாலைகளில் குடியிருப்பவர்களுக்குச் சிமென்ட் தூசியும் கூடுதல் வரவு. இரவுப் பனியில் நனைந்து அப்படியே இறுகிவிடும்.

துடைக்கிறவர் மேல் குற்றமில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு, ஆபீஸ் கிளம்பும் நேரத்துக்குள் பத்து வண்டி முடிக்க வேண்டியவரிடம் வண்டிக்கொரு துணி யாரும் கொடுக்கவில்லை. காய்ந்த தூசியைக் கோழி இறகுத் துடைப்பத்தால் தட்டிவிட்டுக் கிளம்பும் நாமும் இதே காரியத்தைத்தான் செய்கிறோம்.

ஆக, கேள்வி இப்படி மாறுகிறது: இந்தத் துணியைத் தாங்கி நிற்குமா செராமிக்?

மெழுகிலிருந்து மணல் வரை

காருக்கு மேல்பூச்சு என்ற யோசனை புதிதல்ல. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் கார்னாபா மெழுகுதான் நெடுங்காலம் ராஜா. நல்ல பளபளப்பு, மலிவு, வீட்டிலேயே போடலாம். ஆனால் நம் வெயிலில் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மாதம். 

பிறகு டெஃப்லான் வந்தது. 1938-ல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த பொருள். எதுவும் ஒட்டாது என்பதுதான் அதன் பெருமை, அதுவே சிக்கலும்கூட. தோசைக்கல்லில் அது நிற்க வேண்டுமென்றால் 300 டிகிரிக்கு மேல் சுட்டு இறுக்க வேண்டும். அந்தச் சூட்டில் காரை வைத்தால் டயரும் மிஞ்சாது, டேஷ்போர்டும் மிஞ்சாது. எனவே காரில் பூசிய 'டெஃப்லான்' பெரும்பாலும் மெழுகு, பாலீஷ் பசையில் கலந்த தூள்தான். என் முதல் காருக்கு நேர்ந்த கதியின் ரகசியம் இது.

செராமிக் அப்படியல்ல. அது சிலிக்கானை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவம். பெயின்ட் மேல் தடவினால் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, கண்ணாடியின் தூரத்து உறவுக்காரன்போல் ஒரு மெல்லிய படலமாக இறுகிவிடும். ஷாம்பூவுக்குக் கரையாது, மெழுகுபோல் வெயிலில் இளகாது. முறையாகப் பூசி, முறையாகக் கழுவினால் இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கிறது. இதுவரை சொன்னதில் பொய் இல்லை.

அந்தப் படலத்தின் தடிமனைச் சொல்லும்போதுதான் கதை சுருதி மாறுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் சாவியால் கோடு போடுகிறவனையும், பைக் ஹேண்டிலையும், நெடுஞ்சாலையில் பறந்து வரும் ஜல்லியையும் அது தடுக்கும் என்று நம்புவது, பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு ஆலங்கட்டி மழையில் போவதைப் போல.

'9எச்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்களே, அது? கேட்டதும் வைரத்துக்கு அடுத்த கடினம் என்று தோன்றும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்பதால் வரும் மயக்கம் அது. உண்மையில் இது பென்சில் சோதனை. நாம் பள்ளியில் எச்.பி. பென்சில் வாங்கினோமே, அதே வரிசையில் மிகக் கடினமான பென்சில் 9எச். குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட அழுத்தத்தில் அந்தப் பென்சில் முனையால் இழுத்தாலும் கீறல் விழவில்லை என்பதே அதன் பொருள். பூச்சுகளை ஒப்பிட அது நேர்மையான சோதனைதான். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு வருவது பென்சில் அல்ல, மணல்.

'கிராஃபீன்' என்றால் இன்னும் ஐயாயிரம் கூட. மான்செஸ்டரில் 2004-ல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டு, 2010-ல் இருவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த அபூர்வப் பொருள் கிராஃபீன். புட்டியில் இருப்பது பெரும்பாலும் அதே செராமிக் திரவத்தில் அதன் ஆக்சைடு சிறிதளவு கலந்தது. பெயருக்கு விலை கொடுக்க வேண்டாம்.

தாமரை இலை செய்கிற வேலை

அப்படியென்றால் செராமிக் ஏமாற்று வேலையா? இல்லை. அது கவசமாக இருப்பதில்லை, கழுவுவதை எளிதாக்குகிறது. இந்த வித்தியாசம் புரிந்தால் பணமும் மிஞ்சும், ஏமாற்றமும் இருக்காது.

தாமரை இலைத் தண்ணீர் நமக்குப் பழமொழி. ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இலையின் மேல் மெழுகு படிந்த நுண்ணிய மேடுகள் நிறைந்திருப்பதை விளக்கினார். தண்ணீர் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட முழு உருண்டையாக நிற்கிறது. உருளும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகிறது. செராமிக் பூசிய பானெட் வழவழப்பானது, மேடுகள் கிடையாது. தண்ணீர் அரை உருண்டையாக நிற்கும், சரிவில் ஓடும். அழுக்கு தானே போகாது. ஆனால் கழுவினால் சீக்கிரம் போகும். பாதி நேரத்தில் வேலை முடியும். தேய்ப்பது குறைவதால் கோடுகளும் குறையும். நிறத்தின் ஆழம் கூடித் தெரியும். செராமிக்கின் உண்மையான பலன் இதுதான், இது சிறிய பலனும் அல்ல.

காக்கை எச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. கத்திரி வெயிலில் சூடேறி இளகிய கிளியர் கோட் மேல் அது காய்ந்து இறுகினால் அழியாத தடம் விழும். செராமிக் அதைத் தடுப்பதில்லை. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கிறது. இன்று மாலைக்குள் துடைத்தால் பிழைத்தீர்கள். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பூச்சிலும் தடம் விழும்.

போர் தண்ணீர் பிரச்சினையை விற்கிறவர்கள் பேசுவதே இல்லை. சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வாளியின் உட்புறத்தில் வெள்ளை படிவதைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் நிறுத்தினால், முத்து முத்தாக நிற்கும் ஒவ்வொரு துளியும் அங்கேயே காய்ந்து ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப்போகும். தண்ணீர் அழகாக உருண்டு நிற்கிறதே என்று மகிழ்கிறோமே, அந்த உருண்டைதான் கறையின் கரு. பூச்சு போட்ட காரை உடனே துடைத்து உலர்த்தத் தெரியாதவருக்கு, பூச்சு போடாத காரே நிம்மதி.

துருவையும் இதோடு சேர்த்துப் பேசிவிடலாம். திருவான்மியூரிலும் எண்ணூரிலும் கடற்காற்று காரைத் தின்பது கீழிருந்து, கதவின் அடி விளிம்பிலிருந்து, கல் பட்டுப் பெயர்ந்த புள்ளியிலிருந்து. பானெட்டின் மேல் தடவிய செராமிக் அங்கே எட்டாது. வெள்ளத்துக்கும் அப்படியே. 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வரிசையில் ஐம்பதாயிரம் ரூபாய் பூச்சுக் கார்களும் நின்றிருக்கும். அவற்றைக் காப்பாற்றியது பாலம்தான். அந்தக் கவலை உள்ளவர் முதலில் பார்க்க வேண்டியது, இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்பதை.

பணம் எங்கே போகிறது?

ஒரு காருக்குப் பூச 30 முதல் 50 மில்லி திரவம் போதும். இருமல் மருந்துப் புட்டியில் பாதி. அதன் விலை சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். மீதிப் பணம் யாருடையது என்றால், அதற்கு முந்தைய இரண்டு நாள் உழைப்பினுடையது. அல்லது அப்படி இருக்க வேண்டும்.

நேர்மையான டீட்டெயிலிங் கடையில் முதலில் காரைக் கழுவுவார்கள். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளைக் கரைக்க ஒரு திரவம் தெளிப்பார்கள். அது துகளைத் தொட்டதும் கத்திரிப்பூ நிறத்தில் வழியும். பிறகு களிமண்போன்ற ஒரு பிசினால் உருட்டி மிச்சத்தை எடுப்பார்கள். பெயின்ட் தடிமனை மீட்டர் வைத்து அளப்பார்கள். மெஷின் பாலீஷ் போட்டு வட்டக் கோடுகளை எடுப்பார்கள். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அப்புறம்தான் புட்டியைத் திறப்பார்கள். பூசியபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. இந்த முன்வேலைதான் காரை மின்ன வைக்கிறது. கோடுகள் நிறைந்த பெயின்ட் மேல் செராமிக் பூசுவது, அழுக்குக் கண்ணாடிக்குச் சட்டம் போடுவது மாதிரி: கோடுகளும் பத்திரமாக உள்ளே இருக்கும்.

ஷோரூமில் "ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடுவோம் சார்" என்றால் இந்த வேலைகளில் எது விட்டுப்போகிறது என்று கேளுங்கள். புதுக் கார்தானே, பாலீஷ் எதற்கு என்பார்கள். ஆலையிலிருந்து யார்டு, யார்டிலிருந்து ஷோரூம் என்று வந்து சேர்வதற்குள் எத்தனை துணி பட்டதோ, டெலிவரிக்கு முன் எந்தத் துணியில் துடைத்தார்களோ!

வாரன்டிக்கும் இரண்டு முகம் உண்டு. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று மேலே எழுதியிருக்கும். வருடம் ஒருமுறை அதே கடைக்கு வந்து, பணம் கட்டிப் பராமரிப்பு செய்தால்தான் செல்லும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். எச்சக் கறை, தண்ணீர்க் கறை, கீறல் மூன்றும் விதிவிலக்குப் பட்டியலில் இருந்தால், வாரன்டியில் மிஞ்சுவது தாள் மட்டும்.

பெயின்டைவிடத் தடித்த சட்டை

உண்மையிலேயே கல்லடி தாங்க வேண்டுமென்றால் அது பி.பி.எஃப். எனப்படும் ஒட்டுப்படம். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் விசிறி இறக்கைகளை மணலும் சிதறலும் அரிக்காமல் இருக்க உருவான யோசனை இது. இன்றைய நல்ல படம் டி.பி.யு. என்ற பாலியூரித்தேன் வகை. 150 முதல் 200 மைக்ரான். ஆலை போட்ட மொத்த பெயின்டையும் விடத் தடித்தது. அதன் மேற்பரப்பில் விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடும். இது மாயமல்ல, அந்தப் பொருளின் மீள்தன்மை.

விலைதான் இடிக்கும். கார் முழுக்க ஒட்ட எழுபது, எண்பது ஆயிரத்தில் தொடங்கி, பெரிய எஸ்.யூ.வி. என்றால் இரண்டு லட்சம் வரை போகிறது. அதில் பாதி விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால், அது பி.வி.சி. படமா என்று கேளுங்கள். ஓரிரு வருட வெயிலிலேயே மஞ்சளடித்து, பசையைப் பெயின்டோடு விட்டுப்போகிற ரகம் அது. ஏற்கெனவே டிங்கரிங் செய்து மறுபெயின்ட் அடித்த பகுதி என்றால் படத்தை உரிக்கும்போது பெயின்டும் கூட வரலாம்.

எட்டு லட்ச ரூபாய்க் காருக்கு எண்பதாயிரம் என்றால் பத்தில் ஒரு பங்கு. வெளிப் பட்டறையில் ஒரு பகுதிக்குப் பெயின்ட் அடிக்க நான்கைந்தாயிரம் ஆகும் ஊரில் இது கூடுதல்தான். இன்னொரு பக்கமும் உண்டு. பட்டறைப் பெயின்ட் 60 டிகிரி சூட்டில் காய்வது, ஆலைப் பெயின்டுக்கு ஈடாகாது. பழைய கார் வாங்க வருகிறவர் மீட்டர் வைத்துத் தடிமன் பார்க்கிற காலம் இது. பட்டி வைத்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். அசல் பெயின்டோடு இருக்கும் காருக்கு மரியாதை தனி. செராமிக் போட்டேன் என்பதற்காக யாரும் ஐயாயிரம் கூட்டித் தரப்போவதில்லை.

யாருக்கு எது?

வெள்ளை நிறச் சிறிய கார், தெருவோர பார்க்கிங், காலையில் பொதுத் துணி என்றால் செராமிக் வேண்டாம். வெள்ளையில் கோடுகள் எளிதில் தெரியாது. ஷாம்பூ, நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெளிப்பு மெழுகு: வருடத்துக்கு மூவாயிரத்துக்குள் முடியும்.

கறுப்பு, கருநீலம், கருஞ்சிவப்பு நிறக் கார், கூரையுள்ள பார்க்கிங், ஞாயிறுதோறும் நீங்களே கழுவுவீர்கள், ஏழெட்டு வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் செராமிக் தாராளமாகப் போடலாம். ஷோரூமில் வேண்டாம், சென்னை ஜி.பி. ரோடோ, உங்கள் ஊர் டீட்டெயிலிங் கடையோ, நாலு இடம் விசாரித்து, அவர்கள் ஒரு வருடத்துக்கு முன் பூசிய காரை நேரில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வாரம் இருமுறை திருச்சி நெடுஞ்சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிறவர் முன்பக்க பம்பர், பானெட், கண்ணாடிக் காதுகளுக்கு மட்டும் பி.பி.எஃப். ஒட்டினால் போதும்.

ஆறேழு வயதான கார் என்றால் எந்தப் பூச்சும் வேண்டாம். ஒரே ஒரு முறை நல்ல கையால் மெஷின் பாலீஷ், மஞ்சளடித்த ஹெட்லைட்டுக்குச் சுத்திகரிப்பு, உள்ளே சீட்டுக்கும் ஏ.சி.க்கும் ஆழ்ந்த சுத்தம். செலவழித்த காசு கண்ணெதிரே தெரிவது இந்த மூன்றில்தான். ஹெட்லைட்டைப் பொறுத்தவரை அது அழகுக்காக மட்டுமல்ல, இரவில் உயிருக்காகவும்.

போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் கார் துடைக்கும் அண்ணனிடம் இரண்டு வாளி, ஒரு ஷாம்பூ, ஆறு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தேன். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். "ஒரு வாளில ஷாம்பூ, இன்னொண்ணுல துணி அலசுறதுக்கு நல்ல தண்ணி. மேல ஒரு துணி, கீழ ஒரு துணிண்ணே. தரையில விழுந்தா அந்தத் துணி அன்னைக்கு வேண்டாம்" என்றேன். மாதச் சம்பளத்திலும் இருநூறு கூட்டினேன். அவர் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத்தனை வருஷத்துல வண்டிக்கு என்னென்னமோ பூசியிருக்காங்க தம்பி. துணி வாங்கிக் குடுத்தது நீங்கதான் மொத ஆளு."